முகம் திருப்பிப் போட்ட தாழ்

இதை எனக்கு முதலில் சொன்னது பிரகாசி அக்கா. நான் வாக்கப்பட்டுத் தூத்துக்குடிக்கு, இந்தத் தெருவுக்கு வந்த எண்பத்தொன்றாம் வருஷம், தவசு காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், தெருவுக்கே பொதுவான இதே வீட்டின் பின்கட்டில் உட்கார்ந்து கஞ்சிக்கு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது சொன்னாள். "ஏட்டி மிக்கேலு, இந்த வீட்டுக்குப் பதினாறு சன்னல். எண்ணிப் பாத்திருக்கியா? ஒரு நாள் அதுல பதினஞ்ச இந்தக் கையாலதான் சாத்துனேன். ஒண்ண மட்டும் சாத்த விடல" என்று ஆரம்பித்தாள். அந்த ஒன்றுக்குக் கீழேதான் இப்போது தரையில் உட்கார்ந்திருக்கிறேன். கதவுக்கு வெளியே தாழ் விழுந்துவிட்டது. போட்டது என் மருமகள் பெனிட்டா. அவள் வளையல் சத்தம் எனக்குத் தெரியும். அவள் மேல் குற்றமில்லை, அவள் முறைப்படிதான் செய்தாள். இந்த வீட்டுக் கூடத்தில் நல்ல காரியம் எதுவானாலும், நிச்சயதார்த்தமானாலும் கூட்டமானாலும் பிள்ளைகளுக்கு டியூசன் ஆனாலும், இந்த அறைக்கதவைச் சாத்தி வெளியே தாழ் போட்டு, மேலே பூப்போட்ட திரையை இழுத்துவிட வேண்டும். போடும்போது உள்ளே பார்க்கக் கூடாது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, கையால் தடவித் தாழைக் கண்டுபிடித்துப் போட வேண்டும். இதையும் பிரகாசி அக்காதான் எனக்குச் சொல்லித்தந்தாள், நான் பெனிட்டாவுக்குச் சொல்லித்தந்தேன். திரும்பிப் பார்த்திருந்தால் மாமி இங்கே முழங்காலில் இருப்பதைப் பார்த்திருப்பாள். பார்க்கக் கூடாது என்று நான்தானே சொன்னேன். நான் சொல்லிக்கொடுத்தது எனக்கே வந்துவிட்டது மாதாவே. இன்றைக்குத் தெருக் கூட்டத்துக்கு முன்னால் செபமாலை சொல்ல உள்ளே வந்து மூன்றாவது பத்தில் இருந்தேன், நாலாவது மணியா ஐந்தாவது மணியா, இரும்பு இரும்பில் உரசிய சத்தத்தில் விரல் நழுவிவிட்டது. அந்த நேரத்தில் "பெனிட்டா, நான் உள்ள இருக்கேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். செபத்தின் நடுவில் பேசக் கூடாது என்று உதட்டை மூடிக்கொண்டேன். இல்லை, அது பொய். உனக்கு முன்னால் பொய் எதற்கு. தாழ் விழுந்ததும் எனக்குள் ஏதோ ஒன்று அப்பாடா என்று உட்கார்ந்தது, அதுதான் உண்மை.

இந்த அறைக்குப் பேர் கிடையாது. 'அந்த அறை' என்றுதான் சொல்வார்கள். உள்ளே ஒன்றும் பயப்படுகிற மாதிரி இல்லை. நீளமான தேக்குப் பெஞ்சு ஒன்று, ஆள் நீளத்துக்கு மேல் ஒரு சாண். இரும்பு மெழுகுவர்த்தித் தண்டு இரண்டு. கறுப்புக் கரை வைத்த வெள்ளைத் துணி, மடித்து, அந்துருண்டை போட்டு. சுவரில் மரச்சிலுவை. எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேர் வாடகைக்காரர்கள், மாடியில் ஒற்றை அறை, மாடிப்படியில் ஒருவர் இறங்கினால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். ஆஸ்பத்திரியில் உயிர் போனால் சவத்தை வாடகை வீட்டுக்குள் கொண்டுவர வீட்டுக்காரர்கள் விடமாட்டார்கள். அப்படிப்பட்ட சவத்தை இந்த வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்து, இந்தப் பெஞ்சை எடுத்துப் போட்டுக் கிடத்துவோம். அடக்கம் முடிந்ததும் பெஞ்சைக் கழுவித் துடைத்துத் திரும்ப இங்கே வைத்துவிடுவோம். மறுநாள் அதே கூடத்தில் தையல் வகுப்பு நடக்கும். சொட்டு மருந்து கொடுப்பார்கள், சர்க்கரை பார்ப்பார்கள், ஓட்டுப் பெட்டி வைப்பார்கள், மே மாதம் முழுக்கச் செபமாலை. பிரகாசி அக்கா போனபிறகு பதினோரு வருஷமாகச் சாவி என் இடுப்பில். இந்தச் சாவியால் இப்போது என்ன பிரயோசனம், தாழ் வெளியே இருக்கிறது. முன்வாசல், பின்வாசல், அலமாரி, கிணற்றுக் கம்பிக் கதவு எல்லாவற்றின் சாவியும் என் மடியில் கிடக்கிறது, நான் அறைக்குள் கிடக்கிறேன். போன் பையோடு கூடத்தில், தண்ணீர் டிரம் பக்கத்தில். மூட்டு விறைத்துக்கொண்டு வருகிறது. புழுக்கம், பழைய மெழுகு வாசனை, சம்பங்கி அழுகின வாசனை. பூ ஒன்றும் இல்லையே, சம்பங்கி எங்கிருந்து வருகிறது? சுவர் குடித்து வைத்திருக்கும்போல. அடிவயிறு முட்டுகிறது. சர்க்கரைக்காரியால் ஒரு மணி நேரம் தாங்காது. கூட்டம் நாலு மணிக்கு, மணி இப்போது நாலே கால் இருக்குமா? முடிய ஐந்தரை ஆகும். யேசுவே, இந்த அறையில் ஈரம் பண்ணிவிட்டால் எந்த முகத்தோடு வெளியே வருவேன்? தட்டலாம். இரண்டு தட்டு தட்டினால் போதும். ஆனால் இந்தக் கதவை உள்ளிருந்து தட்டினால் வெளியே என்ன நடக்கும் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது, பயமும் வருகிறது. எதற்கும் பயப்படுகிற சவேரம்மாள் மயக்கம் போட்டே விழுவாள். கமிட்டித் தலைவர் தொபியாஸ் அண்ணாச்சி பெரிய தைரியசாலிபோல மீசை வைத்திருக்கிறாரே தவிர, செருப்பை விட்டுவிட்டு முதலில் ஓடுவது அவராகத்தான் இருக்கும்.

மைக் சத்தம். கில்பர்ட் பேசுகிறான், என் மகன், கமிட்டிச் செயலாளர். கப்பலில் பத்து வருஷம் வேலை பார்த்துவிட்டு இப்போது கரையில் ஆபீஸ். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு மற்றவர்கள் கறி வாங்கப் போவார்கள், அவன் இந்த வீட்டுக் கூரையில் ஏறி ஓடு மாற்றுவான். அவன் கெட்டவன் இல்லை. அவனைக் கெட்டவனாக நினைக்க எனக்கு வரவில்லை, அதுதான் என் கஷ்டம். "ஒரே தீர்மானம்தான். இனிமே இந்த வீட்டுல சவம் கிடத்துறது இல்ல. ஆஸ்பத்திரி மார்ச்சுவரில வச்சுக்கலாம், அங்கருந்து நேரே கோயில், கோயில்ல இருந்து கல்லறை. வண்டி நாம ஏற்பாடு பண்ணிருவோம். இந்த வருஷம் மட்டும் நாலு நிச்சயதார்த்தம் இங்க வேணாம்னு போயிருக்கு. மண்டபம் புடிக்க முடியாதவங்கதான் நம்ம சனம். பொணம் கிடந்த எடத்துல எம்பொண்ணுக்கு மோதிரமான்னு கேக்காங்க. கேக்கத்தான செய்வாங்க?" கேட்கத்தான் செய்வார்கள். பெனிட்டாவின் சித்தி மகளுக்கு அப்படித்தான் ஆயிற்று. "செத்தவனுக்கு இதுல என்னடே கருத்து? அவனா வந்து ஓட்டுப் போடப் போறான்?" இது தொபியாஸ் அண்ணாச்சி. "ஏன், போன எலக்சன்ல இதே கூடத்துல நம்ம தெருக்காரன் மூணு பேரு போட்டானுவளே அண்ணாச்சி, செத்து ரெண்டு வருசம் கழிச்சு!" சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, வயிற்றை அமுக்கிக்கொண்டேன். "அம்மா எங்க?" கில்பர்ட் மைக்கை விட்டுக் கேட்பது கேட்கிறது. "கோயிலுக்குப் போயிருப்பாவ." பெனிட்டா. "நல்லதுதான்" என்கிறான். நல்லதுதான் என்று சொன்னானே, அது என்ன நல்லது? நான் எதிரே இருந்தால் அவனுக்குச் சங்கடம். அவன் எதிரே நின்றால் எனக்குச் சங்கடம். நாங்கள் ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் இல்லாமல் இருக்கவே பார்க்கிறோம். நேற்றுச் சாப்பாட்டில் மீன் முள்ளை ஒதுக்கிக்கொண்டே சொன்னான், "நம்ம ஜெசிந்தாவுக்கு நடந்தது போதாதாம்மா?" ஜெசிந்தா என் மகள். அவள் நிச்சயதார்த்தம் இந்தக் கூடத்தில்தான் நடந்தது, முந்தின நாள் சாயந்தரம்தான் ஒரு சவம் எடுத்தார்கள். நானே கழுவினேன், மூன்று தரம் கழுவினேன், பினாயில் போட்டு, அப்புறம் தீர்த்தம் தெளித்து. கல்யாணமாகி இரண்டே வருஷத்தில் வாழாமல் வந்து நின்றாள். இந்த வீட்டால்தான் என்று முதலில் சொன்னது யார்? யாரும் எனக்கு நேராகச் சொல்லவில்லை, காய்கறிக் கடையில் நான் போனதும் பேச்சு நிற்கும், அவ்வளவுதான். ஜெசிந்தா இப்போது மஸ்கட்டில் நர்சு, நன்றாக இருக்கிறாள், போனில் கேட்டால் சிரிக்கிறாள். "எம்மா, அவன் குடிச்சான். குடிச்சிட்டு அடிச்சான். அதுக்குப் போயி வீடு என்ன செய்யும், செவரு என்ன செய்யும்?" சரிதான். படித்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் நாலாவது தரமும் கழுவியிருக்கலாமோ என்று இன்றைக்கும் கை அரிக்கிறது. எதை வைத்துக்கொண்டு நான் கில்பர்ட்டிடம் வாதாடுவேன்? அவன் நம்புகிறது முழுப் பொய் என்று நானே நம்பவில்லையே. அதோ போன் அடிக்கிறது, என்னுடையதுதான், மாதா பாட்டு. ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ஜெசிந்தா கூப்பிடுவாள். அடிக்கிறது, அடிக்கிறது, யாரோ எடுத்து அமர்த்திவிட்டார்கள். பத்தடி தூரத்தில் என் மகள் என்னைக் கூப்பிட்டாள், என் மகன் கூட்டம் நடத்துகிறான், நான் இங்கே.

மணியைப் பிடித்துக்கொள்ள வேண்டும், செபத்தை விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். அருள் நிறைந்த மரியே என்று தொடங்கினால் பிரகாசி அக்கா குரல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அந்தக் கதையைத்தான் இன்றைக்கு எல்லாருக்கும் முன்னால் சொல்வதாக இருந்தேன். காலையிலிருந்து மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். இந்த வீட்டைக் கட்டியவர் மனுவேல் முதலாளி, கொழும்புக்கு மூன்று தோணி விட்டவர். கடைசி மகள் எஸ்தாக்கியம்மாள். அவளுக்குக் கோயிலில் கல்யாண ஓலை வாசித்து, கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கிறது, வீடெல்லாம் வெள்ளையடித்து மாவு இடித்துக் கிடக்கிறது. அப்போது முதலாளியின் தோணி ஒன்று துறைமுகத்துக்குள் நுழையும்போது பாய்மரத்திலிருந்து சூசை என்கிற தோணியாள் விழுந்து செத்தான். அவன் பெண்சாதி பல குடித்தனங்கள் இருந்த ஒரு வளவில் வாடகைக்கு இருந்தாள், வளவுக்காரன் சவம் உள்ளே வரக் கூடாது என்று கேட்டைப் பூட்டிவிட்டான். மாட்டுவண்டி தெருவில் நின்றது. உச்சி வெயில். நிழல் என்றால் இந்த வீட்டுப் பக்கத்துப் பூவரசு மரம் ஒன்றுதான், அதனால் அங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். முதலாளி எல்லாச் சன்னலையும் சாத்தச் சொன்னார். கல்யாண வீடு, சவத்தின் காற்று படக் கூடாது. சமையல்கட்டுக் கைவேலைக்கு இருந்த பிரகாசிக்கு அப்போது பன்னிரண்டு வயசு. ஒவ்வொன்றாக ஓடி ஓடிச் சாத்தினாள். பதினாறாவது இந்தச் சன்னல். எஸ்தாக்கியம்மாள் இங்கே நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாளாம். வண்டியில் கிடந்தவன் முகத்தில் ஈ உட்காராமல் பெண்சாதிக்காரி முந்தானையால் விசிறிக்கொண்டே இருந்தாளாம், அழவே இல்லையாம், விசிறினாளாம். "சாத்தாத பிரகாசி" என்று சொல்லிவிட்டு எஸ்தாக்கியம்மாள் நேரே போய் முன்வாசலை இரண்டு கதவும் திறந்து, "உள்ள கொண்டு வாங்க" என்றாளாம். அன்றைக்கு அவனைக் கிடத்தினதுதான் இந்தப் பெஞ்சு. மாப்பிள்ளை வீட்டார் கல்யாணத்தை நிறுத்திவிட்டார்கள். அப்பன் சாகிறவரைக்கும் மகளிடம் பேசவில்லை. எஸ்தாக்கியம்மாள் இந்த வீட்டைத் தெருவுக்கு எழுதி வைத்துவிட்டுக் கண் மூடுவதற்கு இரண்டு நாள் முன்னால் பிரகாசியைக் கூப்பிட்டு, "இங்க என்ன வேணும்னாலும் நடக்கட்டும். சவம்னு வந்தா மட்டும் கதவச் சாத்திராதிய" என்றாளாம். பத்திரத்தில் 'தெருவாரின் பொது உபயோகத்துக்கு' என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது, கில்பர்ட் வாசித்துக் காட்டினான். "ஆதாரம் இருக்காம்மா?" என்று கேட்பான். மரியாதையாகத்தான் கேட்பான். எட்டாம் வகுப்பு படித்தவளிடம் ஆதாரம் என்ன இருக்கும்? பிரகாசி அக்கா இதையே எனக்கு இருபது தரம் சொல்லியிருக்கிறாள், ஒரு தரம் மாட்டுவண்டி, ஒரு தரம் தோளில் சுமந்து வந்தார்கள். ஒரு தரம் எஸ்தாக்கியம்மாள் நலங்கு மஞ்சளோடு ஓடினாள், ஒரு தரம் தலை பின்னிக்கொண்டிருந்தாள். கதைக்குக் கதை மாறுகிறதே என்று அப்போது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சொன்ன கிழவியும் போய்விட்டாள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் இதே பெஞ்சில் அவளையும் கிடத்தினோம். "எனக்குப் பெறவு நீ சொல்லணும்ட்டி" என்றாள். சொல்கிறேன் என்றேன். யாரிடம் சொன்னேன்? இந்தச் சுவரிடம்.

சன்னல் வழியாக ஒரு துண்டு வெயில் வந்து பெஞ்சின் தலைமாட்டில் விழுகிறது. உப்புக்காற்றில் துருவேறி இந்தச் சன்னல் இப்போது சாத்தவும் வராது, முழுக்கத் திறக்கவும் வராது, நாலு விரல் இடைவெளியில் நின்றுவிட்டது. தலைமாட்டுப் பலகையில் ஒரு பள்ளம், எண்ணெய்த்தலைகள் பட்டுப் பட்டு. என் வீட்டுக்காரர் தனிஸ்லாஸ் தலையும் அதில் இருந்தது. அவர் போய் எட்டு வருஷம். துறைமுகத்தில் மூட்டை தூக்கி வளைந்த முதுகு அவருக்கு, இந்தப் பெஞ்சில்தான் முதல் தரமாக நிமிர்த்திப் படுத்தார் என்று எனக்குத் தோன்றியது, அந்த நேரத்தில் என்ன நினைப்பு பார். அப்போது நாங்கள் மூன்றாவது மாடி வாடகையில் இருந்தோம். வீட்டுக்காரம்மா கெட்டவள் இல்லை, "எப்படிம்மா ஏத்துவிய, படியில திருப்ப முடியாதே" என்று அழுதுகொண்டே சொன்னாள். அழுதுகொண்டே சொன்னாலும் கதவு கதவுதான். இங்கே கொண்டுவந்தோம். கில்பர்ட் கப்பலில், சிங்கப்பூரில் இருந்தான். இறங்கி, விமானம் பிடித்து, மதுரையிலிருந்து கார் பிடித்து, மறுநாள் சாயந்தரம் வந்து சேர்ந்தான். இருபத்தாறு மணி நேரம். ஐஸ் பெட்டி வந்ததும் அதைப் பெஞ்சு மேல் ஏற்றி அவரை அதற்குள் வைத்தார்கள், தெருப் பெண்கள் மாற்றி மாற்றிப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், நான் கண்ணாடியில் படிகிற ஆவியை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தேன், அவன் வரும்போது அப்பா முகம் தெரிய வேண்டுமே என்று. வந்தவன் பையைக்கூடத் தோளிலிருந்து இறக்கவில்லை. பெஞ்சின் இந்தத் தலைமாட்டு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றான், அரை மணி நேரம். அதெல்லாம் அவனுக்கு மறந்துவிட்டதா? மறக்கவில்லை. அதைத் தொட்டால் வலிக்கும் என்றுதான் தாழ் போடச் சொல்கிறானோ, முகத்தைத் திருப்பிக்கொண்டு. என்னைப் பற்றியும் ஒன்று இருக்கிறது, அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை. நான் இப்போது இருப்பது மகனுடைய பிளாட்டில், நாலாவது மாடி. லிஃப்ட் இருக்கிறது. போய்க் குடியேறின அன்றைக்கே அதற்குள் நின்று இரண்டு கையையும் விரித்து அளந்து பார்த்தேன். நெட்டுக்குத்தலாகத்தான் ஒரு ஆள் போக முடியும். கிடத்தி ஏற்ற முடியாது. அப்போது என்னை எங்கே வைப்பான்? ஜெசிந்தா மஸ்கட்டிலிருந்து வர ஒரு நாளாவது வேண்டுமே. அவள் வரும்வரை மார்ச்சுவரியில், காலில் நம்பர் கட்டி, முகம் துடைக்க ஆள் இல்லாமல். இதை நினைத்துக்கொண்டுதான் எஸ்தாக்கியம்மாள் பேரைச் சொல்லிப் பேச வந்தேனா? சுயநலம் என்று நீ சொன்னால் மாதாவே, தலைகுனிந்து கேட்டுக்கொள்வேன். மூட்டு, மூட்டு, கொஞ்சம் காலை நீட்டிக்கொள்கிறேன்.

யாரோ தண்ணீர் குடிக்கிறார்கள், டம்ளர் சங்கிலி டிரம்மில் இடிக்கிறது. அந்தச் சத்தம் கேட்டதும் அடிவயிறு இன்னும் இறுகுகிறது. "நாற்காலி பத்தல, பொம்பளையாளுவ நிக்காவ" என்று சவேரம்மாள் குரல். "அப்ப சட்டுனு முடிச்சிருவோம்" என்கிறார் தொபியாஸ் அண்ணாச்சி. "நான் ஒண்ணு கேக்கலாமா?" மெல்லிய குரல், மைக் இல்லாமல், கடைசியிலிருந்து. மரியசெல்விதான். வந்திருக்கிறாளா! ஆஸ்பத்திரியில் அருளப்பனை விட்டுவிட்டு எப்படி வந்தாள்? இன்று காலை பூசை முடிந்து வரும்போது கோயில் படியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். புருசனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது, "இன்னைக்கோ நாளைக்கோன்னுட்டாவ அக்கா, சொந்தக்காரவிய எல்லாருக்கும் சொல்லிரச் சொன்னாவ. மவ திருப்பூர்ல இருந்து கைப்புள்ளையோட வரணும். எங்க வாடகை வீட்டு ஓனரு கண்டிப்பாச் சொல்லிட்டாரு, மேல ஏத்தக் கூடாதுன்னு. அவர எங்க கொண்டு வாரது அக்கா?" என்றாள். சாவி வைத்திருப்பவள் என்று என்னிடம் கேட்டாள். நான் என்ன சொன்னேன்? "மாதா வழி காட்டுவா" என்றேன். உன் தலையில் போட்டுவிட்டு வந்தேன், மன்னித்துக்கொள். உயிரோடு இருக்கிறவனுக்குச் சவத்துக்கு இடம் கேட்கிற கொடுமை எந்தப் பொம்பளைக்கும் வரக் கூடாது, அதைக் கேட்டவளுக்கு நான் ஒரு செப வார்த்தையைக் கொடுத்து அனுப்பினேன். இப்போது கேட்கிறாள், "இந்தத் தீர்மானத்த ஒரு வாரம் தள்ளி வச்சிக்கிட முடியுமா? இல்ல, ஒரு நாலு நாளு. அதுக்குப் பெறவு நீங்க என்ன முடிவு செஞ்சாலும் சரிதான்."   நாலு நாளைக்குள் புருசன் செத்துவிடுவான் என்று எல்லாருக்கும் முன்னால் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள் பாவி, அவளைச் சொல்ல வைத்துவிட்டோம். "ஏம்மா, அப்படிச் சொல்லாத. அருளப்பன் எழுந்திருச்சு வருவான்" என்கிறார் தொபியாஸ் அண்ணாச்சி, நல்ல மனுஷன், நல்ல வார்த்தை, என்னைப்போலவே. "அக்கா, எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு" இது கில்பர்ட், குரல் இறங்கிவிட்டது, "ஆனா இன்னைக்கு உங்களுக்குன்னு தள்ளி வச்சா நாளைக்கு இன்னொருத்தர். ரூல்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். வண்டி நான் ஏற்பாடு பண்ணுதேன்." பிறகு, "தீர்மானத்துக்குச் சம்மதம்கிறவங்க கை தூக்குங்க." புடவைகள் சரசரக்கின்றன. வளையல்கள் மேலே போகின்றன. எத்தனை கை என்று சத்தத்தில் எண்ண முடியுமா, நான் எண்ணப் பார்க்கிறேன். நான் எழுந்துவிட்டேனா? பெஞ்சைப் பிடித்துத்தான் எழுந்திருக்கிறேன், மூட்டு சொடக்கிட்டது, சாவிக்கொத்து மடியிலிருந்து விழுந்தது. கதவு இதோ, ஒரு கை தூரம். தட்டினால் கில்பர்ட் தலை குனிவான், கூட்டத்துக்கு நடுவே பெற்ற தாயே எதிர்த்தாள் என்று ஆகும். தட்டாவிட்டால் ஐந்தரைக்குப் பெனிட்டா முகத்தைத் திருப்பிக்கொண்டு தாழை எடுப்பாள், நான் மெதுவாக வெளியே வந்து, அடடா மாட்டிக்கொண்டேனே என்று சொல்லலாம், எல்லாரும் சிரிப்பார்கள், யாருக்கும் என் மேல் குற்றமில்லை, மரியசெல்விக்குக்கூட என் மேல் குற்றமில்லை.  இத்தனை வருஷமும் இதைத்தான் செய்துகொண்டு வந்தேனா, யாரோ வெளியே தாழ் போடும்வரை சத்தம் காட்டாமல் இருந்துவிட்டு அதைப் பொறுமை என்று சொல்லிக்கொண்டு? என் கை கதவில் பட்டது. மெதுவாகத்தான் தட்டினேன் என்று நினைத்தேன். இல்லை, கையில் செபமாலையோடு தட்டியிருக்கிறேன், மணியெல்லாம் பலகையில் அடித்து, அது எனக்கே பெரிய சத்தமாகக் கேட்டது.

"அய்யோ மாதாவே!" சவேரம்மாள். ஒரு நாற்காலி சாய்ந்தது. "ஏல, அந்த அறையிலருந்துல்லா!" கால்கள் ஓடுகின்றன, சில கதவை நோக்கியா வாசலை நோக்கியா தெரியவில்லை. இன்னொரு தரம் தட்டினேன். "பெனிட்டா, நான்தான் மக்கா. மாமி. பயப்படாத, தாழ எடு." திரை வளையங்கள் கம்பியில் உரசின. தாழ் வரமாட்டேன் என்றது, பிறகு வந்தது. வெளிச்சம் கண்ணைக் குத்தியது. பழக்கம் விடுமா, நின்றவர்களில் பாதிப் பேர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார்கள், சிலருடைய கை இன்னும் தூக்கினபடியே இருந்தது, இறக்க மறந்து. பெனிட்டா வாயைப் பொத்திக்கொண்டு, "மாமி, நானா பூட்டுனேன்? உள்ள இருந்தியளா? எவ்வளவு நேரமா?" என்றாள், அழுதுவிடுவாள்போல. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றேன். கில்பர்ட் மைக்கைக் கீழே வைத்துவிட்டு வந்தான். "எம்மா, என்னம்மா இது? கூப்பிட வேண்டியதுதான? உள்ள உக்காந்து என்ன செஞ்சிய?" அவன் என்னைப் பார்த்தான், எனக்குப் பின்னால் பெஞ்சைப் பார்த்தான், அங்கேயே கண் நின்றுவிட்டது. சொல்ல வேண்டியதெல்லாம் வரிசையாக வைத்திருந்தேன், மனுவேல் முதலாளி, மாட்டுவண்டி, முந்தானையால் விசிறினது, சாத்தாத சன்னல்.  அவன் தோளுக்கு மேலே கூடத்தின் கடைசியில் மரியசெல்வி தெரிந்தாள், தூணோடு ஒட்டி நின்றுகொண்டு, ஆஸ்பத்திரிப் பிளாஸ்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. அவள் மட்டும் முகத்தைத் திருப்பவில்லை.

"கில்பர்ட்" என்றேன், "மரியசெல்வி வந்ததுல இருந்து நிக்கா. உக்கார எடமில்ல. இந்தப் பெஞ்ச வெளிய எடுத்துப் போடணும், ஒத்தையா எனக்குத் தூக்க முடியல. அந்தத் தலமாட்டுப் பக்கம் நீ கொஞ்சம் பிடி, மக்கா."